கனடாவுக்குத் துணையை ஸ்பொன்சர் செய்ய: உள்ளிருந்து போடுவதா, வெளியிலிருந்து போடுவதா?

"அண்ணா, மனுசி இப்ப விசிட்டர் விசாவில இங்கதானே நிக்கிறா. அப்ப உள்ளுக்குள்ள இருந்துதானே ஸ்பொன்சர் போட வேணும்?"

போன மாதம் ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டார். வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு என்னை அழைப்பார்கள். நான் வழக்கறிஞரும் இல்லை, குடிவரவு ஆலோசகரும் இல்லை. 2016 இல் என் மனைவிக்கு நிரந்தர வதிவிடம் (பிஆர்) எடுக்க ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டபோது எங்களுக்குப் பொருந்தாத வகையைத் தெரிந்தெடுத்துப் பட்டுத் தெளிந்தவன், அவ்வளவுதான். தம்பிக்கு நான் சொன்ன பதில் ஒரே சொல்: "இல்லை."

துணை கனடாவுக்குள் நிற்கிறார் என்பதற்காக, உள்ளிருந்து விண்ணப்பிக்கும் வகையைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆள் எங்கே நிற்கிறார் என்பது ஒன்று. விண்ணப்பம் எந்த வகையில் போகிறது என்பது வேறொன்று. எங்கள் சனம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடும். காசு வாங்கிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களிலும் சிலர் அப்படித்தான்.

இரண்டு வகையும் என்ன?

சனம் "இன்லான்ட்" என்று சொல்வது, கனடாவில் வாழும் துணைக்கான வகை. இதில் உங்கள் துணை கனடாவில் உங்களோடு ஒரே வீட்டில் வாழ வேண்டும். விண்ணப்பம் முடியும்வரை அந்த நிலை மாறக்கூடாது. "அவுட்லான்ட்" என்பது குடும்ப வகை. இதில் துணை யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம், பாரிஸில் இருக்கலாம், உங்கள் வீட்டுக் குசினியிலும் இருக்கலாம். வெளிநாட்டில்தான் இருக்க வேண்டும் என்று அதன் பெயரைப் பார்த்து நினைக்கத் தோன்றும். அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது.

படிவங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான், கிடைக்கும் பிஆரும் ஒன்றுதான். எல்லாம் நேராகப் போனால் எதில் போட்டோம் என்பதையே மறந்துவிடுவீர்கள். ஏதாவது கோணலாகப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆகவே "எது கெதியாக முடியும்?" என்று கேட்க முதல், "எங்கள் விசயத்தில் எது பிழைத்துப் போகக்கூடும்?" என்று புருசனும் மனைவியும் இருந்து பேசுங்கள்.

துணை இன்னும் ஊரில்தான் இருக்கிறார், இப்போதைக்கு வர வழியில்லை என்றால் உங்களுக்குத் தெரிவு எதுவும் இல்லை; குடும்ப வகைதான். நீங்கள் ஆவணங்கள் பற்றிய பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் வாசித்துவிடுங்கள்.

முதலில், ஸ்பொன்சர் செய்யவே முடியுமா?

ஸ்பொன்சர் செய்பவர் 18 வயதுக்குக் குறையாத கனடியக் குடியுரிமையாளராகவோ நிரந்தர வதிவாளராகவோ இருக்க வேண்டும். பிஆர் மட்டும் உள்ளவர் கனடாவில் வசித்துக்கொண்டுதான் போடலாம். குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் இருந்தும் போடலாம். ஆனால் துணைக்குப் பிஆர் கிடைத்ததும் கனடாவில் வந்து குடியிருப்போம் என்று காட்ட வேண்டும். அரச உதவிப்பணத்தில் வாழ்பவரால் முடியாது, அது அங்கவீனத்துக்கான உதவி என்றால் பரவாயில்லை. தானே துணையாக ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர், பிஆர் கிடைத்து 5 வருடம் முடியும்வரை இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது. வருமானத்துக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச எல்லை எதுவும் இல்லை. பெற்றோரைக் கூப்பிடும்போது கேட்கும் வருமானக் கணக்கை இதோடு போட்டுப் பயப்பட வேண்டாம். ஆனால் துணைக்குப் பிஆர் கிடைத்த நாளிலிருந்து 3 வருடம் அவரது அடிப்படைச் செலவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது.

இரண்டு பொறிகள் எங்கள் சனத்துக்கென்றே வைத்தது போல இருக்கும்.

ஒன்று, மறைத்த துணை. அகதியாகவோ வேறு வழியிலோ வந்து பிஆர் எடுத்த நேரம், ஊரில் இருந்த மனைவியைப் பயத்திலோ யாரோ சொன்னதைக் கேட்டோ படிவத்தில் எழுதாமல் விட்டவர்கள் உண்டு. அப்படி விடப்பட்டவரைப் பின்னர் துணையாக ஸ்பொன்சர் செய்யச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, எந்த வகையில் போட்டாலும் சரி. 2019 செப்டெம்பரில் சிலருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும் ஒரு கொள்கை வந்தது. உங்கள் கதை இதுவென்றால் படிவத்தை மூடி வைத்துவிட்டு நேரே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் போங்கள்.

மற்றது, மணமேடையில் இல்லாத மாப்பிள்ளை. 2015 ஜூன் 11 இலிருந்து, இருவரில் ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ வேறொருவரை நிறுத்தியோ செய்த கலியாணத்தைக் கனடியக் குடிவரவுச் சட்டம் ஏற்பதில்லை. 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளை காணொளியில் நிற்கக் கலியாணத்தைப் பதிவுசெய்ய அனுமதித்தது. இந்தியாவில் அது செல்லும். கனடிய ஸ்பொன்சருக்குச் செல்லாது. விடுமுறை கிடைக்கவில்லை என்று எழுத்தை (கலியாணப் பதிவை) வீடியோவில் முடிக்க நினைப்பவர்கள், எப்படியாவது ஒரு கிழமை லீவு கேட்டுப் போய் வாருங்கள்.

வகையைத் தெரிதல்: நாலு கேள்விகள்

துணை கனடாவுக்குள் இருக்கிறார், ஸ்பொன்சர் செய்யத் தடையும் இல்லை. சரி, இனித் தெரிவுக்கு வருவோம்.

முதலாவது கேள்வி, கனடாவில் சட்டப்படி தங்கியிருக்க அவருக்கு இன்றைக்குச் செல்லுபடியாகும் தகுதி இருக்கிறதா? விசிட்டர், மாணவர், வேலை அனுமதி, எதுவாக இருந்தாலும் திகதி முடியாமல் இருக்கிறதா? முடிந்துபோயிருந்தால் உங்களுக்கு ஏற்றது பெரும்பாலும் இன்லான்ட். அந்த வகைக்கு தகுதியோடு இருக்க வேண்டும் என்று விதி சொன்னாலும், 2005 இலிருந்து நடைமுறையில் உள்ள ஒரு பொதுக் கொள்கை, விசா முடிந்த பின்னும் தங்கியவர்கள், அனுமதி இல்லாமல் வேலை செய்தவர்கள் போன்றோரின் விண்ணப்பத்தை ஏற்கச் சொல்கிறது. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு இங்கேயே கலியாணம் செய்தவர்கள் பலர் இந்த வழியாகத்தான் பிஆர் எடுத்தார்கள். ஆனால் குற்றப் பதிவு, பொய்த் தகவல் கொடுத்தது, நாடுகடத்தப்பட்ட பிறகு அனுமதி இல்லாமல் திரும்பி வந்தது ஆகியவற்றை இந்தக் கொள்கை மன்னிக்காது. எல்லைச் சேவை நிறுவனம் நாட்டை விட்டு அனுப்புவதற்கான ஏற்பாட்டைத் தொடங்கிய பிறகு ஓடிப்போய் விண்ணப்பம் போட்டால், அது அந்தப் பயணத்தை நிறுத்தும் என்று நம்பவும் கூடாது. வெளியேறும்படி உத்தரவு கையில் இருந்தால் இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்காதீர்கள். உத்தரவு நடைமுறைக்கு வந்து 30 நாளுக்குள் முறைப்படி போகாவிட்டால் அது நாடுகடத்தல் உத்தரவாக மாறிவிடும். பிறகு திரும்பி வரத் தனி அனுமதி எடுக்க வேண்டியிருக்கும்.

தகுதி இன்னும் இருக்கிறது என்றால் அதைக் காப்பாற்றுங்கள். விசிட்டராக வந்தவருக்கு வழக்கமாக 6 மாதம். அது முடிய முதலே நீட்டிக்க விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிலையிலேயே சட்டப்படி இருக்கலாம். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டிருக்கிறோமே என்பது தங்கியிருக்கும் அனுமதி ஆகாது. இதைப் பலர் அறிவதில்லை.

இரண்டாவது கேள்வி, முடிவு வரும்வரை அவர் எங்கும் போகாமல் இருக்க முடியுமா?

நான் விழுந்த குழி இதுதான். என் மனைவி 2016 இல் விசிட்டராக வந்து நின்றார். ஒரு வணிகத் தொகுதியில் மேல்மாடிக் கந்தோர் வைத்திருந்த ஒருவர், "ஆள் இங்க நிண்டா இன்லான்ட்தான், வேற வழியில்ல" என்றார். நாங்களும் தலையாட்டினோம். வேலை அனுமதி வந்தது, அவரும் வேலைக்குப் போனார், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் கொக்குவிலில் மாமா, மனைவியின் அப்பா, காலமானார். அந்த இரவுதான் விளங்கியது, மனைவியின் கையில் இருந்த வேலை அனுமதி நாட்டுக்குள் இருக்க மட்டும்தான், திரும்பி வர அது விசா அல்ல என்பது. அவரது விசிட்டர் விசா முடிந்திருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு வெளியே போனால் புதிதாக விசா எடுத்துத்தான் வர வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கனடாவில் என்னோடு வாழ்கிறார் என்ற அடிப்படையே இல்லாமல் போய், இன்லான்ட் விண்ணப்பமும் விழுந்துவிடும். செத்தவீட்டை வட்ஸ்அப்பில் பார்த்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் அப்படியே பார்த்தார்.

அவுட்லான்டில் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அப்போதும் திரும்பி வர விசா வேண்டும்தான். ஆனால் விசா கிடைக்காமல் கொக்குவிலிலேயே நின்றிருந்தாலும் விண்ணப்பம் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். பிஆர் வந்ததும் அங்கிருந்தே வந்திருக்கலாம். வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்கள், தங்கச்சியின் கலியாணம் நெருங்குபவர்கள், ஊரில் தொழில் அல்லது காணி வழக்கு உள்ளவர்கள் இதை நன்றாக யோசியுங்கள். சாவு நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை.

மூன்றாவது கேள்வி, மறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

குடும்ப வகையில் மறுப்பு வந்தால், ஸ்பொன்சர் செய்தவர் காரணம் கிடைத்த 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரங்களைக் கொடுக்கலாம், நேரில் சாட்சி சொல்லலாம். கோப்பில் இருந்ததை மட்டும் பார்க்காமல் கலியாணம் உண்மையா என்பதையே திரும்ப விசாரிப்பார்கள். இன்லான்டில் அந்த உரிமை கிடையாது. 15 நாளுக்குள் சமஷ்டி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நீதிபதி பார்ப்பது அதிகாரி நியாயமாக முடிவெடுத்தாரா என்பதைத்தான், உங்கள் கலியாணத்தை அல்ல. வென்றால்கூட கோப்பு இன்னொரு அதிகாரியின் மேசைக்குப் போகும், அவ்வளவே. மற்ற வழி, திரும்பவும் காசு கட்டிப் புதிதாகப் போடுவது.

"எங்கள் கலியாணம் உண்மையானது, ஏன் மறுக்கப் போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். அதிகாரியின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பேச்சுக்கால் கலியாணம். சாதகம் பொருந்தியது, இரண்டு மாதம் போனில் பேசினார்கள், மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் போனார், எழுத்து ஒரு நாள், தாலி கட்டு இன்னொரு நாள், பத்தாம் நாள் விமானம் ஏறிவிட்டார். எங்களுக்கு இது சாதாரண விசயம். விதியோ, உறவு உண்மையாக இல்லாவிட்டாலும் சரி, குடிவரவு நன்மைக்காகவே முக்கியமாகச் செய்யப்பட்டிருந்தாலும் சரி, இரண்டில் ஒன்று போதும் மறுக்க என்கிறது. சேர்ந்து வாழ்ந்த காலம் குறைவு, வயது இடைவெளி அதிகம், இரண்டாம் கலியாணம், இரு பக்கத்துப் பெற்றோரும் வராத கலியாணம், துணைக்கு முன்பு விசா மறுப்புகள், அகதிக் கோரிக்கை மறுத்த கையோடு கலியாணம் என்று எதுவும் உங்கள் கோப்பில் இருந்தால், மேன்முறையீட்டு உரிமையை இலேசில் விட்டுக்கொடுக்காதீர்கள். தகுதி இல்லாதவருக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். தகுதியோடு இருப்பவர் அதை ஏன் வீசியெறிய வேண்டும்?

நாலாவது கேள்வி, வேலை. இங்கேதான் பழைய புத்திமதி பிழைத்துப் போகிறது. 2014 டிசெம்பரில் இன்லான்ட் விண்ணப்பதாரருக்கு, முடிவு வர முன்பே ஓப்பன் வேர்க் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்ற அனுமதி) கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அவுட்லான்டுக்கு அது இல்லை. அதனால் "வேலை செய்ய வேணும் என்றால் இன்லான்ட்" என்பது பல வருடம் சரியான பேச்சு. 2023 மே மாதம் அது மாறியது. இப்போது குடும்ப வகையில் போட்டவரும், கனடாவில் உங்களோடு ஒரே முகவரியில் இருந்து, செல்லுபடியாகும் தகுதியும் வைத்திருந்து, விண்ணப்பம் கிடைத்தது என்ற ஒப்புதல் கடிதமும் வந்திருந்தால் அதே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2018 இல் போட்ட மச்சான் சொல்லும் புத்திமதியை 2018 க்கு உரியதாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இது பொதுக் கொள்கையாக வந்த ஏற்பாடு என்பதால், நீங்கள் போடும் நாளில் நடைமுறையில் இருக்கிறதா என்று குடிவரவு அமைச்சின் தளத்தில் ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது. தகுதி இல்லாமல் பொதுக் கொள்கையின் கீழ் இன்லான்ட் போட்டவருக்கோ வேலை அனுமதி உடனே வராது. விண்ணப்பத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல், அதாவது முதற்கட்ட ஒப்புதல், கிடைத்த பிறகுதான்.

கால அளவைக் கேள்வியாகவே வைக்காதது வேண்டுமென்றுதான். 2016 டிசெம்பரில் இரண்டு வகையையும் 12 மாதத்தில் முடிப்போம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதன்பிறகு எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அண்மைக் காலத்தில் தளத்தில் காட்டும் காத்திருப்பு இன்லான்டுக்குத்தான் நீளம். போடும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கியூபெக்கில் குடியிருக்கப் போகிறவர்களுக்கு மாகாண அரசிடமும் தனியாக உறுதிமொழி கொடுக்கும் படி இருக்கிறது; 2024 ஜூனில் மாகாணம் ஏற்கும் எண்ணிக்கைக்கு வரம்பும் வைத்தார்கள். மொன்றியல் தம்பதிகள் ரொறன்ரோ உறவினரின் அனுபவத்தை வைத்து நாள் கணக்குப் போட வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: தகுதி இருந்தால் அவுட்லான்ட், தகுதி போயிருந்தால் இன்லான்ட். அவுட்லான்டில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. நேர்முகம் வைக்க முடிவெடுத்தால் வெளிநாட்டு விசா அலுவலகத்துக்கு வரச் சொல்லக்கூடும், பயணச் செலவும் திரும்பி வரும் விசாவும் உங்கள் தலையில். கேள்விக்கு இடமில்லாத கோப்பு, பல வருடமாக ஒரே வீட்டில் வாழ்க்கை, பிள்ளையும் உண்டு, ஊருக்குப் போகும் தேவையும் இல்லை என்றால் இன்லான்டில் போட்டாலும் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது.

விசிட்டர் விசாவில் கூப்பிட்டுவிட்டுப் போடலாமா?

போடலாம். நிரந்தரமாக வர விரும்பும் ஒருவர் தற்காலிகமாகவும் வர விண்ணப்பிக்கலாம் என்று குடிவரவுச் சட்டத்தின் 22 ஆம் பிரிவே சொல்கிறது. உரிய காலத்தில் திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஆகவே விசா படிவத்தில் கலியாணத்தை மறைக்காதீர்கள். "தனியாள் என்று போட்டால் லேசாக் கிடைக்கும்" என்று சொல்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. பிறகு ஸ்பொன்சர் படிவத்தில் கலியாணத் திகதியை எழுதும் நேரம் இரண்டும் முட்டும். பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை.

ஆவணங்களும் படிவமும்

எந்த வகை என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். பிறகு மனம் மாறினால் பெட்டியை மாற்றி அடையாளமிட முடியாது. பழையதை மீளப்பெற்றுப் புதிதாகக் காசு கட்டிப் போட வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு வகையிலும் ஒரே நேரத்தில் போட்டு வைக்கவும் விடமாட்டார்கள். விண்ணப்பம் முழுக்க இணையவழிதான்.

ஸ்பொன்சர் செய்பவரின் படிவம் ஐஎம்எம் 1344. அதில் ஒரு கேள்வியைப் பலர் வாசிக்காமலே கடந்துவிடுகிறார்கள். உங்களுக்கு ஸ்பொன்சர் செய்யும் தகுதி இல்லை என்று கண்டால், விண்ணப்பத்தை நிறுத்திக் காசைத் திருப்புவதா, தொடர்வதா என்று கேட்கும். நிறுத்தச் சொன்னால் ஸ்பொன்சர் கட்டணம் போக மீதி திரும்பி வரும், மேன்முறையீடும் போய்விடும். தொடரச் சொன்னால் காசு போகலாம், குடும்ப வகையில் மேன்முறையீட்டு உரிமை நிற்கும். அவுட்லான்டை அந்த உரிமைக்காகத் தெரிந்துவிட்டு, இந்த இடத்தில் கவனியாமல் "நிறுத்து" என்று அடையாளமிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஐஎம்எம் 5532 தான் உங்கள் கலியாணக் கதையைச் சொல்லும் படிவம். யார் அறிமுகம் செய்தார், எப்போது முதலில் நேரில் கண்டீர்கள், கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். புருசன் "2021 தைப்பொங்கலுக்குப் பேசத் தொடங்கினோம்" என்று எழுத, மனைவி "2020 கடைசி" என்று எழுதினால் அதுவே மறுப்புக் கடிதத்தில் ஒரு வரியாக வரும். இருவரும் சேர்ந்திருந்து நிரப்புங்கள். எங்கள் வழக்கம் அதிகாரிக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். சாதகம் யார் பார்த்தது, ஏன் எழுத்து முதலிலும் தாலி கட்டு பிறகும் நடந்தது, ஏன் இந்த வயது இடைவெளி, ஏன் மாப்பிள்ளையின் அப்பா வரவில்லை என்பதையெல்லாம் எளிமையாக நாலு வரியில் விளக்குங்கள். படங்களுக்கு 20 என்றும், உரையாடல் பிரதிகளுக்கு 10 பக்கம் என்றும் எல்லை உண்டு. மேக்கப் போட்ட அல்பத்திலிருந்து 20 படம் எடுக்காதீர்கள். மணமேடை நாலைந்து போதும். மிச்சம் வேறு வேறு மாதங்களில், வேறு வேறு ஆட்களோடு, சாதாரண உடுப்பில் இருக்கட்டும். உரையாடலும் அப்படித்தான். "சாப்பிட்டீங்களா" என்று பத்துப் பக்கம் வேண்டாம். ஒரே மாதத்தில் எடுக்காமல் முழுக்காலத்திலும் ஆங்காங்கே எடுங்கள். இன்லான்டில் போடுகிறவர்கள் ஒரே வீட்டில் வாழ்வதற்கான சான்றும் சேர்க்க வேண்டும். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வரும் கட்டணச் சீட்டுகள் போன்றவை.

பொலிஸ் அறிக்கையைத் தேடுவதுதான் நாள் தின்னும் வேலை. 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்தில் 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். இலங்கைக்கு பொலிஸ் தலைமையகம், இந்தியாவுக்குக் கடவுச்சீட்டு அலுவலகம். கட்டாரில் இரண்டு வருடம் வேலை செய்தவர், தமிழ்நாட்டில் அகதியாக இருந்தவர் எல்லோருக்கும் அந்தந்த நாட்டு அறிக்கை வேண்டும். இதை முதலில் தொடங்கிவிட்டு மற்றதைப் பாருங்கள். தமிழில் உள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போன்றவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவை. மைத்துனர் ஆங்கில ஆசிரியராக இருந்தாலும் குடும்பத்தவர் மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள்.

பெயர்க் குழப்பத்தையும் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். அப்பாவின் பெயர் முன்னுக்கு ஒரு பத்திரத்தில், பின்னுக்கு இன்னொன்றில், கலியாணப் பதிவில் எழுத்துக்கூட்டல் வேறு. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதையும், எந்தப் பத்திரத்தில் எது எப்படி இருக்கிறது என்பதையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணைத்தால் அதிகாரி திரும்பக் கேட்டு எழுதும் இரண்டு மாதம் மிச்சம். கலியாணம் ஒன்ராறியோவிலேயே நடந்திருந்தால், அன்று குருக்களோ பதிவாளரோ கையில் தரும் தாள் போதாது. மாகாணத்தில் பதிவானபின் சேர்விஸ் ஒன்ராறியோவிடம் கேட்டுப் பெறும் கலியாணச் சான்றிதழ்தான் வேண்டும்.

கட்டணம், 2024 ஏப்ரல் 30 இல் வந்த விகிதப்படி, ஸ்பொன்சருக்கு 85 டொலர், விண்ணப்பத்துக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575, ஆக மொத்தம் 1,205 ஆக இருந்தது. கைரேகைக்கு 85 தனி. இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் ஏப்ரல் கடைசியில் இது ஏறும் என்பதால், அந்த நேரத்தில் போடுகிறவர்கள் புதிய தொகையைப் பார்த்துக் கட்டுங்கள். குறைத்துக் கட்டினால் முழு விண்ணப்பமும் திரும்பி வந்துவிடும். யாரையாவது காசு கொடுத்து அமர்த்தினால், அவர் வழக்கறிஞரா, அல்லது குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் பதிவானவரா என்று இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். "என் பெயரைப் படிவத்தில் எழுத வேண்டாம்" என்று சொல்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள். எங்கள் மேல்மாடிக் கந்தோர்க்காரரும் அப்படித்தான் சொன்னார், எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போட்ட பிறகு

ஒப்புதல் கடிதம் வந்ததும், துணை இங்கே தகுதியோடு இருந்தால் வேலை அனுமதிக்குப் போடுங்கள். 155 டொலரும் ஓப்பன் அனுமதிக்கு மேலதிகமாக 100 டொலரும். மருத்துவப் பரிசோதனைக்கு அறிவித்தல் வரும். அமைச்சு அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும்தான் செய்யலாம், குடும்ப வைத்தியரிடம் அல்ல. கர்ப்பமாக இருப்பவர் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பிள்ளை பிறந்த பிறகு எடுக்கத் தள்ளிப்போடலாம்.

பிள்ளை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒன்ராறியோவில் விசிட்டருக்கு ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்து. வேலை அனுமதி, அதோடு 6 மாதத்துக்குக் குறையாத முழுநேர வேலை என்று வந்தால் ஓஹிப்புக்கு வழி திறக்கும். அதுவரை தனியார் காப்புறுதி எடுத்து வையுங்கள். பிரசவத்தை அது எந்த அளவுக்கு ஏற்கும் என்பதை வாங்க முன் வாசியுங்கள், வாங்கிய பிறகு அல்ல.

காத்திருக்கும் காலத்தில் முகவரி மாறினால், பிள்ளை பிறந்தால், வேலை மாறினால் உடனே அறிவியுங்கள். பிள்ளையைச் சொல்லாமல் விட்டால் முதலில் சொன்ன அந்த "மறைத்த உறவு" பொறிதான். சேர்ந்து எடுத்த படங்கள், காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகள், விமான டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டே வாருங்கள். நேர்முகத்துக்கோ மேன்முறையீட்டுக்கோ கேட்கும்போது தேட வேண்டியிருக்காது. இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் பிஆரைப் பறித்துவிடுவார்கள் என்று இன்னும் சிலர் பயப்படுத்துவார்கள். அந்த நிபந்தனை 2012 இல் வந்து 2017 இல் எடுக்கப்பட்டுவிட்டது.

முடிவு நல்லதாக வந்தால், கனடாவுக்குள் இருப்பவருக்குப் பிஆர் உறுதிப்படுத்தல் இணையவழியாகவே வரும். வெளியில் இருப்பவர் கடவுச்சீட்டை அனுப்பி விசா ஒட்டி வாங்கி, அதில் உள்ள திகதிக்குள் வந்து இறங்க வேண்டும். அந்தத் திகதியை நீட்டித் தருவார்கள் என்று எண்ணி ஊரில் நல்லநாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தாளில் பெயரும் பிறந்த திகதியும் சரியா என்று கையொப்பம் வைக்க முன் பாருங்கள்.

பிஆர் ஆனதும் உடனே ஊருக்கு டிக்கெட் போடும் அவசரம் எல்லோருக்கும் வரும். அட்டை கைக்கு வரும்வரை பொறுங்கள். அது இல்லாமல் வெளியே போனால் விமானம் ஏறித் திரும்பி வர அங்கே தனியாகப் பயண ஆவணம் எடுக்க வேண்டும். என் மனைவிக்கு அட்டை வந்தது 2018 கோடையில். அந்தக் கிழமையே கொழும்புக்கு டிக்கெட் எடுத்தோம். மாமாவின் ஆட்டைத் திவசமும் அதற்குள் முடிந்திருந்தது.